கேசட் டெக் கோளாறுகள்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

இருபது, முப்பது வருடம் அலமாரியில் கிடந்த கேசட் டெக்கில் எந்தக் கோளாறு வந்தாலும், வேர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: உயிர்போன ரப்பர், பசையாக இறுகிய கிரீஸ், டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் சுவிட்சிலும் படிந்த அழுக்கு. ஐசியையும் டிரான்சிஸ்டரையும் சந்தேகப்படுவது கடைசியில்தான். ஆனால் மூடியைக் கழற்றியதும் பலருடைய கை நேராகப் போவது, திருகினால் திரும்பக்கூடிய ஏதாவது ஒன்றிடம். நன்றாக இருந்த டெக்குகள் பல அப்படித்தான் பாழாகின்றன. அறிகுறி எதுவானாலும் வேலையின் வரிசை மாறாது. முதலில் பழுது கேசட்டிலா டெக்கிலா என்று பிரியுங்கள். பிறகு சுத்தம், அதன்பின் ரப்பர், அதன்பின் எண்ணெய். ஹெட்டின் சாய்வைத் திருத்தும் அஸிமுத் திருகாணியும் வேகத் திருகாணியும் இவை எல்லாம் முடிந்த பிறகு.

தொடங்குமுன்

இரண்டு கேசட்டுகளைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். ஒன்று, போனால் போகட்டும் என்று விடக்கூடியது. எந்த டெக்கிலும் முதலில் நுழைய வேண்டியது இதுதான். மற்றது, நல்ல நிலையில் உள்ள, ஒலிநாடா நிறுவனமே பதிந்து விற்ற சி-60 (இரு பக்கமும் சேர்ந்து 60 நிமிடம்). பழுது இரண்டிலும் தெரிந்தால் டெக்கைப் பாருங்கள். உங்கள் ஒரு கேசட்டில் மட்டும் தெரிந்தால் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள், டெக்கைத் திறக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் செய்த டெக்குகளின் கூட்டல்குறித் திருகாணிகள் ஜேஐஎஸ் வகை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காமல் நழுவித் தலையைச் சிதைக்கும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, இடுக்கி, சிறு கண்ணாடி, வெர்னியர் அளவி, தையல் நூல் ஆகியவையும் வேண்டும். காயம் துடைக்க விற்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மீதி தண்ணீர். இரும்புத் தண்டுகளுக்கு அது ஆகாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தண்டின் நுனியில் இருக்கும் சிறு கிளிப்புகளும் நைலான் வாஷர்களும் பறந்துபோவதில் வல்லவை. ஒரு விரலால் மூடிக்கொண்டே கழற்றுவது நல்லது.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய கட்டங்களில் டிரான்ஸ்பார்மர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்தச் சுவிட்ச் வரை மெயின்ஸ் மின்சாரம் நிற்கும்.

விளக்கு எரிகிறது, ஆனால் எதுவும் சுழலவில்லை

காதை அருகில் வைத்துக் கேளுங்கள். உள்ளே மோட்டார் சுழலும் சத்தம் வந்து, டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டு மட்டும் அசையாமல் நின்றால் பெல்ட் போயிருக்கிறது. அறுந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம். பழைய பெல்ட்டுகள் பல உருகித் தார் போலாகிவிடும். அந்தக் கருப்புக் கூழ் தொட்ட இடமெல்லாம் ஒட்டும், துணியில் பட்டால் போகாது. கையுறை போட்டுக்கொண்டு, பெரிய கட்டிகளை மரக்குச்சியால் வழித்தெடுங்கள். மீதியை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை துடையுங்கள். மோட்டார்க் கப்பியின் பள்ளத்தில் ஒரு துளி எஞ்சினாலும் புதுப் பெல்ட் அந்த இடத்தில் துள்ளும், பாட்டு நடுங்கும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்கள் விரிசல் விடும்.

புது பெல்ட்டின் அளவை எடுக்க, பழைய பெல்ட் போன வழியிலேயே நூலைச் சுற்றி நீளத்தை அளந்து, அதில் சுமார் 5 விழுக்காட்டைக் கழியுங்கள். நூல் 250 மி.மீ. வந்தால் உள்சுற்றளவு 237, 238 மி.மீ. உள்ள பெல்ட் சரி. அதைவிட இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் பேரிங் ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயும். விற்பவர்கள் சிலர் உள்சுற்றளவைச் சொல்வார்கள், சிலர் விட்டத்தை, சிலர் பெல்ட்டைத் தட்டையாக மடித்த நீளத்தை. 75 மி.மீ. விட்டமும் 75 மி.மீ. மடிப்பு நீளமும் ஒன்றல்ல. முதலாவதன் சுற்றளவு சுமார் 236, இரண்டாவதன் சுற்றளவு 150. வாங்குமுன் எது என்று கேட்டுவிடுங்கள். பட்டைப் பெல்ட் இருந்த இடத்தில் சதுரப் பெல்ட்டைப் போட்டு ஒப்பேற்றினால் கேப்ஸ்டனோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பில் அது நிலைகொள்ளாது.

மோட்டார்ச் சத்தமே இல்லையா? பிளே அழுத்திய நிலையில் மோட்டாரின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் பாருங்கள். வீட்டு டெக்குகளில் பெரும்பாலும் 12 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அது வந்தும் சுழலாவிட்டால் மோட்டார் போய்விட்டது. வரவில்லை என்றால், பித்தான்களை இயக்கும் தகட்டின் அடியில் இருக்கும் இலைச் சுவிட்சைத் தேடுங்கள். அதன் இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவே ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத்தைச் செருகி, தகடுகளை லேசாக அழுத்தியபடி நான்கைந்து முறை இழுங்கள். உப்புத்தாள் போட்டால் மேற்பூச்சு போய் ஆறு மாதத்தில் மறுபடி அதே நிலைதான்.

மெல்லிய தொடு பித்தான் உள்ள டெக்குகள் வேறு கதை. அவற்றில் ஹெட்டைத் தூக்குவதற்கென்று தனி மோட்டாரும் குட்டிப் பெல்ட்டும் இருக்கும், அல்லது மின்காந்தத்தால் இழுக்கும் சோலனாய்டு இருக்கும். ஹெட் பாதிவரை வந்து திரும்பிப் போனால், அல்லது 'விர்' என்ற சத்தம் மட்டும் வந்தால், அந்தக் குட்டிப் பெல்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெல்ட்டை மாற்றியும் அதே நிலை என்றால், ஹெட் எந்த நிலையில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டுச் சிப்புக்குச் சொல்லும் மோட் சுவிட்சின் தடங்கள் கறுத்திருக்கும். அதைத் திறந்து துடைத்து மூடினால் போதும். ஆனால் கழற்றுமுன் பல்சக்கரங்களில் உள்ள குறிகள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று படமெடுக்காவிட்டால், திரும்பப் பூட்டுவது சித்திரவதை. சோலனாய்டு 'டக்' என்று அடித்தும் தகடு நகரவில்லை என்றால் பழைய கிரீஸ் பசையாகிவிட்டது. அதன்மேலேயே புது எண்ணெய் விடக் கூடாது. பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள்.

சில நொடி ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

டெக் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். டேப்பைச் சுருட்டும் ரீல் சுழல்கிறதா என்று டெக் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். சுழற்சி நின்றதாகத் தெரிந்தால், டேப் உள்ளே குவியுமுன் நிறுத்திவிடும். கேசட் கதவைத் திறந்துவைத்து ஓட்ட முடிந்தால் வலது ரீலைக் கவனியுங்கள்.

ரீல் சுழலவே இல்லை என்றால் பழுது இழுவையில்; அடுத்த பகுதியைப் பாருங்கள். ரீல் நன்றாகச் சுழன்றும் நின்றுவிடுகிறது என்றால் உணரிதான் குருடாகிவிட்டது. பழைய டெக்குகளில் ரீலுக்கும் எண்ணிக்கைக் கருவிக்கும் நடுவே ஒரு மெல்லிய பெல்ட் ஓடும். உணரி காந்தம் அந்த எண்ணிக்கைக் கருவியிலேயே இருப்பதும் உண்டு. எண்கள் நகரவில்லை என்றால் வேலை அந்தப் பெல்ட்டை மாற்றுவதோடு முடிந்தது. பிற்கால டெக்குகளில் ரீலின் அடியில் வெள்ளை-கருப்புக் கோடுகளும் எதிரே ஒளி உணரியும் இருக்கும். அங்கே தூசி, அல்லது சால்டர் விரிசல். உணரியின் கால்களை மறுபடி சால்டர் செய்தாலே பல டெக்குகள் பிழைத்துக்கொள்ளும்.

டேப்பை மென்றுவிடுகிறது

கேப்ஸ்டனும், அதன்மேல் டேப்பை அழுத்தும் ரப்பர் உருளையான பின்ச் ரோலரும் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்க, சுருட்ட வேண்டிய ரீல் சுருட்டாமல் நின்றால் டேப் உள்ளே குவிகிறது. இன்னொரு வழி, ரோலரின் மேல் பிசின் படிந்து, டேப் அதிலேயே ஒட்டிச் சுற்றிக்கொள்வது.

மாட்டிய டேப்பை எடுக்கும்போது அவசரம் கூடாது. மின்செருகியைப் பிடுங்குங்கள். கதவு திறக்காவிட்டால் கதவின் முன்பலகையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அது மேல்நோக்கி இழுத்தாலே வந்துவிடும். டேப் எந்தத் தண்டில் சுற்றியிருக்கிறது என்று பார்த்து, ஃப்ளைவீலை விரலால் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றினால் தானாக அவிழும். கேசட்டை இழுத்தால் டேப் நீண்டுவிடும், நீண்ட டேப் மறுபடி சுருங்காது. சுருக்கம் விழுந்தது மட்டும் என்றால், பென்சிலால் சுருட்டி ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். மற்ற சுற்றுகளின் அழுத்தத்தில் சில வாரத்தில் ஓரளவு நேராகும்.

பழுதைப் பிடிக்க, கேசட் இல்லாமல் பிளே போட்டு (சில டெக்குகளில் கேசட் உணரிச் சுவிட்சை விரலால் அழுத்த வேண்டியிருக்கும்) சுருட்டும் ரீலை இரண்டு விரலால் லேசாகப் பிடியுங்கள். மென்மையாகத் தொடர்ந்து இழுத்தபடி இருக்க வேண்டும். தொட்டவுடன் நின்றுவிட்டால் இழுவை போதாது. முறுக்குவிசை அளக்கும் கேசட் இருந்தால், பிளேயில் 30 முதல் 70 கிராம்-செ.மீ. வரை இருப்பது பொதுவான எல்லை. எதிர்ப்புற ரீலின் பின்னிழுவை 2 முதல் 6 கிராம்-செ.மீ.

இழுவை குறைய முதல் காரணம், மோட்டாரின் சுழற்சியை ரீலுக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வளையம். கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்கும். வளையத்தை உள்-வெளியாகத் திருப்பிப் போட்டால் சில வாரம் ஓடும். கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுப்பவர்களும் உண்டு. இரண்டும் 'பழுது இதுதானா' என்று உறுதிசெய்துகொள்ள உதவும். நிரந்தரத் தீர்வு புது வளையம்தான். ரப்பர் நன்றாக இருந்தும் இழுவை இல்லை என்றால், ரீலின் அடியில் இருக்கும் ஃபெல்ட் கிளட்ச் தேய்ந்திருக்கும் அல்லது அதில் யாரோ எண்ணெய் விட்டிருப்பார்கள். ஃபெல்ட்டில் எண்ணெய் பட்டால் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிழிந்து காயவிடுங்கள்.

ரோலரை முதலில் ஒரு துளி பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை இதைச் செய்து, கடைசியில் ஆல்கஹாலால் ஒரு முறை வேகமாகத் துடைத்தால் போதும். விரிசல், கடினம், நடுவில் குழிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். விட்டம், அகலம், துளை மூன்றையும் அளந்து வாங்குங்கள். டேப் ரோலரின் மேல்விளிம்புக்கோ கீழ்விளிம்புக்கோ ஏறி, ஓரம் கசங்கினால் ரோலரின் அச்சு சாய்ந்திருக்கிறது. அதன் கையை வளைத்து நேராக்க முயல்வதைவிட, அச்சின் புஷ்ஷைப் பார்ப்பது நல்லது, பெரும்பாலும் அங்கேதான் ஆட்டம் இருக்கும்.

பாட்டு அலையடிக்கிறது, நடுங்குகிறது

இந்தப் பழுதுக்குத்தான் பலரும் பெல்ட்டை மாற்றிவிட்டு, சரியாகவில்லையே என்று தலையைச் சொறிவார்கள். ஆனால் அலையின் இடைவெளியே எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லிவிடும். டேப் நொடிக்கு 47.6 மி.மீ. நகர்கிறது. டேப்பைத் தொடும் எந்தச் சக்கரமானாலும், அதன் சுற்றளவை 47.6 ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று வரும்.

13 மி.மீ. விட்டமுள்ள பின்ச் ரோலரின் சுற்றளவு ஏறத்தாழ 41 மி.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு 0.86 நொடி, பத்து நொடியில் பதினொன்று அல்லது பன்னிரண்டு அலை. நீண்ட வீணை ஒலியோ புல்லாங்குழலோ உள்ள இடத்தில் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டை ஒட்டி வந்தால் ரோலரை மாற்றுங்கள். 2.5 மி.மீ. கேப்ஸ்டன் நொடிக்கு ஆறு முறை சுற்றும். அந்த வேகத்தில் வருவதை எண்ண முடியாது, குரல் நடுங்குவதுபோல் கேட்கும். வளைந்த கேப்ஸ்டன், அதன்மேல் ஒட்டிய டேப் துகள், உலர்ந்த பேரிங் மூன்றும் இந்த ஒலியைத் தரும். உறையில் மடிந்தபடி கிடந்த பெல்ட்டின் தழும்பு, ஃப்ளைவீலின் அளவைப் பொறுத்து நொடிக்கு நான்கைந்து முறை துள்ளும்; இரண்டு நாள் ஓடவிட்டால் பெரும்பாலும் தானே சரியாகும்.

ரீல்களின் அலை மட்டும் நேரம் மாறும். காலியான ரீலின் மையம் சுமார் 22 மி.மீ., அது ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடியை ஒட்டி எடுக்கும். நிறைந்த சுருள் 50 மி.மீ. வந்ததும் ஒரு சுற்று 3.3 நொடி. பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கேளுங்கள். இடைவெளி மாறினால் குற்றவாளி ரீல், கிளட்ச் அல்லது கேசட்டின் ஓடு. மாறவில்லை என்றால் ரோலரும் கேப்ஸ்டனும்தான்.

பேரிங்கிற்கு எண்ணெய் விடுவதற்கும் முறை இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி, ஃப்ளைவீலின் பின்தகட்டை எடுத்து, ஃப்ளைவீலை நேராக வெளியே இழுங்கள். கேப்ஸ்டனில் இருக்கும் நைலான் வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டையும் பேரிங் துளையையும் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி. சமையல் எண்ணெயும் தெளிப்பான் டப்பாவில் வரும் துரு நீக்கியும் வேண்டாம். முதலாவது பிசினாகும், இரண்டாவது சில வாரத்தில் ஆவியாகிப் போகும். திரும்பப் பூட்டியதும் கேப்ஸ்டனில் டேப் தொடும் பகுதியை மறுபடி ஆல்கஹாலால் துடையுங்கள். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் டேப் வழுக்கும், புது ரோலரும் வீணாகும். ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினால் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். சற்றும் இல்லை என்றால் உரசுகிறது, கடகடவென்று ஆடினால் பின்தகட்டின் திருகாணியை இறுக்க வேண்டும்.

சீரான 'டிக் டிக்' ஒலியோடு பாட்டு துள்ளினால் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விரிசலைத் தேடுங்கள். சோனியின் டிடி வரிசை வாக்மேன்களில் நடுப் பல்சக்கரம் இப்படி விரிவது பேர்போன நோய். பசை போட்டு ஒட்டினால் பல்லின் இடைவெளி மாறிவிடும். மாற்றுச் சக்கரம்தான் வழி.

வேகம் கூடவோ குறையவோ இருக்கிறது

இதற்கு முன் சொன்ன எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாருங்கள். வழுக்கும் பெல்ட்டோடு மோட்டாரின் வேகத்தைத் திருகினால், பெல்ட் மாற்றிய அன்று மறுபடி திருக வேண்டியிருக்கும்.

3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் இருந்தால் அலைவெண் காட்டும் செயலியைப் பார்த்துச் சரிசெய்யலாம். இல்லாதவர்களுக்கு ஒரு மலிவான வழி: வேண்டாத கேசட்டிலிருந்து டேப்பை வெளியே இழுத்து, 14.29 மீட்டர் தூரத்தில் இரண்டு குறி வெள்ளை மையால் இட்டு, திரும்பச் சுருட்டுங்கள். இழுத்து நீட்டாமல், தரையில் தளர விட்டு அளக்க வேண்டும். சரியான வேகத்தில் முதல் குறி ஹெட்டைக் கடந்து இரண்டாவது குறி வர 5 நிமிடம் ஆகும். ஒரு நொடி முன்பின் ஆனால் பிழை மூன்றில் ஒரு விழுக்காடுதான். காதுக்கு உறுத்தத் தொடங்கும் அரைச் சுர வித்தியாசம் என்பது ஏறத்தாழ 6 விழுக்காடு, அதாவது 18 நொடி.

டெக் கால்மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, மோட்டாரின் பின்புறத் துளைவழியே உள்ளிருக்கும் திருகியை பிளாஸ்டிக் அல்லது பீங்கான் திருப்புளியால் மயிரளவு திருப்புங்கள். உலோகத் திருப்புளி உள்ளே சுற்றைத் தொட்டால் மோட்டார் ஒரு கணம் முழுவேகத்தில் சீறும். சில மோட்டார்களில் துளை இருக்காது, திருகி பலகையில் இருக்கும். அங்கே சாதா வேகத்துக்கு ஒன்று, அதிவேக டப்பிங்குக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் டப்பிங் திருகியைத் தொட வேண்டாம்.

ஒலி மந்தமாக, துணி மூடியதுபோல் கேட்கிறது

ஹெட்டில் ஒரு மைக்ரான் தடிமனில் அழுக்கு படிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை டேப்பில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே 1 மைக்ரான் இடைவெளி விழுந்தால் அந்த ஒலி 11 டெசிபெல்லுக்கு மேல் விழுந்துவிடும். அதே அழுக்கு 1,000 ஹெர்ட்ஸில் 1 டெசிபெல்லை ஒட்டித்தான் குறைக்கும். அதனால்தான் மிருதங்கம் நன்றாகக் கேட்கும், ஜால்ரா காணாமல் போகும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டின் முகத்தை டேப் ஓடும் திசையில் துடையுங்கள். பழுப்பு வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்தது பொத்தான்கள். இரைச்சலைக் குறைக்கும் டோல்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டோல்பி பி போட்டுக் கேட்டால் மேல் சுரங்கள் அமுங்கும். டோல்பியோடு பதிந்திருந்தும் மந்தமாக இருந்தால் அழுக்கும் அஸிமுத்தும்தான் காரணம். டோல்பி அந்த இழப்பை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். டேப் வகைத் தேர்வும் பாருங்கள். சாதா (முதல் வகை) டேப்புக்கான 120 மைக்ரோநொடி சமநிலையில் கேட்க வேண்டியதை, குரோம் (இரண்டாம் வகை) டேப்புக்கான 70 இல் கேட்டால் மேல்பகுதி 4.7 டெசிபெல்வரை குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு அஸிமுத். ஹெட்டின் இடைவெளிக்கோடு டேப் ஓடும் திசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். ஸ்டீரியோ கேசட்டில் ஒரு தடத்தின் அகலம் 0.6 மி.மீ. மட்டுமே. ஆனாலும் அரைப் பாகைக்கும் குறைவான சாய்வே 10,000 ஹெர்ட்ஸை முழுதாக அழித்துவிடும். ஹெட்டின் இரு பக்கமும் உள்ள திருகாணிகளில், கீழே ஸ்பிரிங் வைத்து தலையில் வண்ணப் பூச்சு இட்டிருப்பதே அஸிமுத். மற்றதைத் தொட வேண்டாம், அது ஹெட்டின் உயரத்தைப் பிடித்திருக்கும்.

நிறுவனம் பதிந்த கேசட்டை ஓடவிட்டு, பெருக்கியை மோனோவில் வையுங்கள். இரண்டு தடமும் கலக்கும்போது கோணப்பிழை இன்னும் கூர்மையாகத் தெரியும், கால்வாசிப் பிழைகூட ஒலியைக் குழிவாக்கும். திருகாணியை எட்டில் ஒரு பங்கு சுற்றாக முன்னும் பின்னும் நகர்த்தி, கூர்மை உச்சத்தில் இருக்கும் இடத்தைக் காதால் பிடியுங்கள். 10,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி மட்டும் வைத்துத் திருகுவதில் ஒரு பொறி உண்டு: ஒரு முழு அலை தள்ளிப் போய்ப் பொய் உச்சத்தில் நிற்கலாம். முதலில் பாட்டை வைத்து நெருங்கி, பிறகு சோதனை ஒலியால் நுணுக்குங்கள். முடிந்ததும் ஒரு துளி நகப்பூச்சால் பூட்டுங்கள். ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் இரண்டு திசைக்கும் தனித்தனித் திருகாணி இருக்கும்.

வீட்டில் பதிந்த கேசட்டுகள், அவை பதியப்பட்ட டெக்கின் சாய்விலேயே பதிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைக் கணினிக்கு மாற்றும்போது அந்தக் கேசட்டுக்கென்றே அஸிமுத்தைத் திருகுவது தவறில்லை. முடிந்ததும் பழைய நிலைக்கு வரும்படி தொடக்க நிலையைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஹெட்டின் முகத்தில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தத் திருகலும் உதவாது. ஹெட் தேய்ந்துவிட்டது. காந்த நீக்கம் பற்றிப் பழைய கையேடுகள் மணிக்கணக்கு சொல்லும். கருவி கையில் இருந்தால் டெக்கை அணைத்துவிட்டு, கருவியை ஒரு மீட்டர் தள்ளி இயக்கி, மெதுவாக அருகே கொண்டுபோய், அதே நிதானத்தில் விலக்கி, தூரத்தில் அணையுங்கள். பக்கத்தில் வைத்து அணைத்தால் இல்லாத காந்தத்தையும் ஏற்றிவிடும். வாரம் ஒருமுறை செய்ய வேண்டியதல்ல.

ஒரு பக்கம் கேட்கவில்லை

வெளியே போகும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றுங்கள். மௌனமும் இடம் மாறினால் டெக், மாறாவிட்டால் கம்பியோ பெருக்கியோ. டெக் என்றால் முதலில் ஹெட் அழுக்கு, அடுத்து ஹெட்டுக்குப் போகும் மெல்லிய கம்பி. ஹெட் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அது மடங்கி உள்ளே அறுந்திருக்கும். ஹெட்டைப் பழைய ஓம் மீட்டரால் சோதிக்காதீர்கள். அதன் நேர்மின்சாரம் ஹெட்டைக் காந்தமாக்கும். சோதித்தே ஆக வேண்டும் என்றால் பிறகு காந்தம் நீக்குங்கள். பதிவு-பிளே மாற்றும் நீண்ட நழுவு சுவிட்சும் இதே அறிகுறியைத் தரும். எண்ணெய்ப் பசை இல்லாத தொடர்புச் சுத்திகரிப்பானை அதில் தெளித்து இருபது, முப்பது முறை ஆட்டினால் சரியாகும்.

ரீங்காரம்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் டெக்கில், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்றால் ஹெட் கம்பியின் கவசம் தரையோடு இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது பக்கத்தில் இருக்கும் பெருக்கியின் டிரான்ஸ்பார்மரை ஹெட் முகர்கிறது. டெக்கை ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ், சற்றுக் கரடுமுரடான ரீங்காரம் என்றால் மின்வழங்கியின் வடிகட்டும் கண்டென்சர் வற்றிவிட்டது. அதே கொள்ளளவு, அதே அல்லது அதிக வோல்ட், 105 பாகை வகை போடுங்கள். துருவம் மாறக் கூடாது.

பிளே சரி, பதிவு மட்டும் சரியில்லை

பதிவுப் பித்தானே இறங்கவில்லை என்றால் கேசட்டின் பின்புறக் காதுத்தகடு உடைந்திருக்கிறது. பக்கம் உங்களைப் பார்த்திருக்க, அந்தப் பக்கத்துக்கான காது இடது மூலையில் இருக்கும். அதன்மேல் ஒட்டும் காகிதத்தால் மூடலாம். இரண்டாம் வகை கேசட்டில் அதன் அருகிலேயே வகையைச் சொல்லும் பள்ளம் இருக்கும், அதை மூடிவிடாதீர்கள்.

பதிந்த ஒலி மெலிந்து, கரகரத்து, பழைய பாட்டும் அடியில் கேட்டால், பதியும்போது ஒலியோடு கலக்கும் உயர் அலைவெண் மின்னோட்டத்தை (பயாஸ்) தரும் அலையியற்றி வேலை செய்யவில்லை. பல டெக்குகளில் அழிக்கும் ஹெட்டும் பயாஸும் ஒரே அலையியற்றியிலிருந்துதான் உணவு பெறுகின்றன; இரண்டும் ஒன்றாகச் சாவது அதனால்தான். மேலே சொன்ன நழுவு சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள், பாதிப் பழுதுகள் அங்கேயே தீர்ந்துவிடும். புதிய பதிவு தெளிவாக இருந்து, பழையது மட்டும் அடியில் நிழலாடினால் அழிக்கும் ஹெட்டின் அழுக்கு.

முன்னோட்டமும் பின்னோட்டமும் மெதுவாக

சி-60 இரண்டு நிமிடத்துக்குள் முழுக்கச் சுருள வேண்டும். இல்லாவிட்டால் ஐட்லர் ரப்பர்தான், மேலே சொன்னதே. ஒரு கேசட் மட்டும் இழுத்து இழுத்து ஓடினால் அதன் சுருள் மேடுபள்ளமாகி ஓட்டில் உரசுகிறது. கேசட்டைத் தட்டையாகப் பிடித்து உள்ளங்கையில் நான்கைந்து முறை தட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பழுது கேசட்டிலேயே இருந்தால்

ஒலி மெலிந்து வந்து வந்து போனால், ஓட்டின் முன்வாயில் செப்புத் தகட்டின்மேல் இருக்கும் ஃபெல்ட் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருக்கும். திருகாணி போட்ட ஓடு என்றால் ஐந்தையும் கழற்றி, மேல்பாதியை மட்டும் தூக்கி, சுருள்களை அப்படியே நல்ல ஓட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய ஓடு என்றால் விளிம்பில் மெல்லிய கத்தியை வைத்துச் சுற்றிலும் கீறித் திறக்க வேண்டும். ஓட்டைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, டேப்பைப் புது ஓட்டுக்கு மாற்றத்தான் முடியும். மாற்றும்போது உருளைகளும் வழுவழுப்புத் தாள்களும் தவறாமல் இடம் சேர வேண்டும். டேப் ஓடும்போது கிறீச்சிட்டால் அந்தத் தாள்கள் தேய்ந்திருப்பது ஒரு காரணம்.

டேப் முனை மையத்திலிருந்து கழன்றிருந்தால் மையத்தில் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை எடுத்து, டேப்பை வைத்து மறுபடி அழுத்தினால் போதும். நடுவில் அறுந்தால் 3.81 மி.மீ. அகலமுள்ள ஒட்டுப்பட்டையால், பளபளப்பான பின்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். காகிதம் ஒட்டும் சாதாரணப் பட்டையின் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். சி-120 இன் டேப் சுமார் 9 மைக்ரான் தடிமன், சி-60 இல் பாதி. ஒட்டுவதும் சுருட்டுவதும் அதில் தனிப்பொறுமை கேட்கும்.

சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டை நல்ல டெக்கில் போடக் கூடாது, அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் தொற்றும். முகமூடி அணிந்து, ஓட்டைத் திறந்து, ஓரத்தை உலர்ந்த தூரிகையால் வெளியிடத்தில் தட்டுங்கள். பிறகு பலிகொடுக்கும் டெக் ஒன்றில், டேப் போகும் வழியில் உலர்ந்த மென்துணியைத் தொட்டபடி வைத்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுத் துணி. ஓடி முடிந்ததும் அந்த டெக்கின் வழி முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

பாட்டு தொடங்குமுன் அதன் மெல்லிய நிழல் கேட்டால் அது பழுதல்ல, அடுத்தடுத்த சுற்றுகளின் காந்தம் ஒன்றன்மேல் ஒன்று பதிந்தது. மெல்லிய டேப்பில் அதிகம். கேட்பதற்கு முன் முழுக்க இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டினால் சற்று மங்கும்.